3 லட்சம் கி.மீ. தாண்டிய பழைய பிக்கப்: வாங்கலாமா, வாங்கினால் எப்படி ஓட்டுவது?

புதுஓட்டுநர்

வணக்கம். ஒரு டபுள் கேபின் டீசல் பிக்கப் பார்த்து வைத்திருக்கிறேன். 14 வயது, ஓடோமீட்டரில் 3,12,000 கி.மீ., மேனுவல் கியர், பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். இரண்டாவது உரிமையாளர் விற்கிறார். வார நாட்களில் எனக்குச் சாதாரண ஓட்டம்தான். வார இறுதியில் நாற்று, உர மூட்டை, பலகை, சில நேரம் ஜல்லி ஏற்றுவேன். புதிய வண்டி வாங்கிவிட்டுக் கீறல் விழுமோ என்று பயந்து பயந்து சாமான் ஏற்றுவதற்குப் பழசே மேல் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "மூணு லட்சமா? எஞ்சின் எப்ப வேணும்னாலும் கைவிட்டுடும்" என்கிறார்கள். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா? எதை எதைப் பார்க்க வேண்டும்? பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்14

தம்பி, பானெட்டைத் திறப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுங்கள். பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஏசி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சின் போனால் இன்னொரு எஞ்சின் வாங்கி வைக்கலாம். கியர்பாக்ஸும் அப்படித்தான். சேஸிஸ் போனால் வண்டியே போயிற்று. கேபின், லோடு பாடி, எஞ்சின், ஸ்பிரிங் எல்லாம் அந்த இரண்டு இரும்புச் சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

எங்கே பார்ப்பது என்றால், பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம். பின் பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) தாங்கும் ஹேங்கர், ஷேக்கிள் பிடிக்கும் இடங்கள். கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவே உள்ள பகுதி. கேபின் மவுண்ட் ரப்பர்கள். டீசல் டேங்கின் உள்பக்கம். பல பிக்கப்களில் சேஸிஸ் சட்டம் பெட்டி மாதிரி மூடியிருக்கும். சேறு உள்ளே போய் நீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே பெயின்ட் பளிச்சென்று இருக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இடம் மொத்தென்று சொல்லும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இது பெயர் தெரியாத கம்பெனி வண்டிகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டொயோட்டாவே 2008-ல், 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்கப்களின் சேஸிஸ் துருவுக்காக உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டி, மிக மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. எஞ்சின் கல் மாதிரி நின்ற வண்டிகள் அவை.

அடியில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள்.

ஓடோமீட்டர்சாமி

ஸ்பேனர் அண்ணன் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. நான் அந்த எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

3,12,000 என்பதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. 2007 மாடல் டொயோட்டா டுண்ட்ரா பிக்கப் ஒன்று 2016-ல் பத்து லட்சம் மைல் தொட்டது. கிலோமீட்டரில் 16 லட்சம். டொயோட்டாவே அதை வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துப் போனது. அதை எல்லோரும் "பார், எப்படி உழைக்கிறது" என்று பகிர்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்பது வருடத்தில் 16 லட்சம் என்றால் நாளுக்குச் சராசரி 490 கி.மீ. அருகில். அதாவது எஞ்சின் ஆறவே நேரமில்லாமல் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருந்த வண்டி. சர்வீஸும் தவறவில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆயில் சூடாகும் முன் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்யும் வண்டியின் ஒரு லட்சம், அந்த வண்டியின் நாலு லட்சத்தைவிட மோசமாக இருக்கலாம்.

எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் வண்டி என்றால் அதையும் கேளுங்கள். சில மாடலில் மீட்டரிலேயே வரும், சிலவற்றில் ஸ்கேனர் போட்டால் தெரியும். 3,12,000 கி.மீ.யை 6,000 மணி நேரத்தில் ஓடியிருந்தால் சராசரி 52 கி.மீ. வேகம். நல்ல ஓட்டம். அதே தூரம் 13,000 மணி நேரம் என்றால் சராசரி 24 தான். ஐட்லிங்கில், அதாவது நகராமல் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, நின்று நின்று வாழ்ந்த வண்டி. ஃபோர்டு தன் போலீஸ் வண்டிகளுக்கு ஒரு மணி நேர ஐட்லிங்கை 33 மைல், அதாவது சுமார் 53 கி.மீ. ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சைட்டில் ஏசி போட்டு நாள் முழுக்க நின்ற பிக்கப்பின் ஓடோமீட்டர் இதைச் சொல்லவே சொல்லாது.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் பெரிய வித்தை வேண்டாம். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்பாதி, ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்க ஓரம், கியர் குமிழ். ஒரு லட்சம் என்று மீட்டர் சொல்லி, பெடலில் இரும்பு தெரிந்தால் சிரித்துக்கொண்டே எழுந்து வாருங்கள். உங்கள் கேஸில் மூன்று லட்சம் என்று அவரே சொல்வதால் பொய்க்கு வாய்ப்புக் குறைவு. ஐந்து லட்சத்தை மூன்றாக்கியவர்களும் உண்டுதான்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் எப்படி வாங்குவது என்றே சொல்கிறீர்கள். வாங்கவே வேண்டாம் என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா? நான் சொல்கிறேன்.

பழைய வண்டியின் விலை என்பது நீங்கள் கொடுக்கும் முதல் தவணை. மீதியை அது மாதாமாதம் தன் இஷ்டத்துக்கு வசூலிக்கும். அதைவிட முக்கியம், அது நிற்கும் நாட்கள். இன்ஜெக்டர் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்தால் வண்டி ஸ்டாண்டில். பாகம் வரவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஸ்டாண்டில். வீட்டில் இன்னொரு வாகனம் இருந்தால் இது பொழுதுபோக்கு. இது ஒன்றே வண்டி, இதில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் தினம் தினம் மன உளைச்சல். புதுஓட்டுநர், உங்களுக்கு வேறு வண்டி இருக்கிறதா? அதைச் சொல்லாமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை.

புதுஓட்டுநர்

வீட்டில் ஒரு சின்னக் கார் இருக்கிறது. பிக்கப் ஒரு வாரம் நின்றாலும் சமாளிக்கலாம்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் என் எதிர்ப்பில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது தனியே வையுங்கள். வாங்கியதும் அது போகும் இடம் உங்களுக்கே தெரியும்.

நெடுஞ்சாலைக்காரி

பழைய பிக்கப் வைத்திருப்பவள் என்ற முறையில் ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே எல்லோரும் கழற்றுவதைப் பற்றியே பேசுகிறார்கள் :)

காரிலிருந்து வருகிறவர்கள் முதலில் உணர்வது பின்பக்கம் எவ்வளவு லேசு என்பதை. காலி பிக்கப்பில் எடை எல்லாம் முன்னால். பின்னால் ஒரு டன் தாங்குவதற்கான பட்டைகள், தாங்க ஒன்றுமில்லை. ஈரச் சாலையில், ரவுண்டானாவில் இரண்டாம் கியரில் சற்று அழுத்தினாலே பின்பக்கம் வெளியே நகரும். பழைய வண்டிகளில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பெரும்பாலும் கிடையாது, சிலவற்றில் ஏபிஎஸ்கூட இல்லை. மழைக்காலத்தில் நான் மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டிவிடுவேன். கட்டாமல் வைத்தால் திடீர் பிரேக்கில் அவை கேபின் சுவரை இடிக்கும். டெயில்கேட் ஓரமாக வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும்.

அடுத்து, யாரும் பேசாத ஒரு பாகம். பழைய பிக்கப் பலவற்றில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை முடிவு செய்ய சேஸிஸில் ஒரு வால்வும், அங்கிருந்து பின் அச்சுக்கு ஒரு கம்பியும் இருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி அசைந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். முந்தைய உரிமையாளர் கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்தியிருந்தால், ஃபுல் லோடிலும் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைக்கும். பின் பிரேக் பிடிக்காது, எல்லாப் பாரமும் முன் பேட் மேல். இதற்கு நேர்மாறாக, பட்டை தளர்ந்து வண்டி எப்போதும் தாழ்ந்தே இருந்தால் காலியாகப் போகும்போதே பின் சக்கரம் லாக் ஆகும். பல வண்டிகளில் இந்தக் கம்பி துருப்பிடித்து அசையாமல் நிற்கிறது, அல்லது யாரோ கழற்றிக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அடியில் படுத்திருக்கும்போது இதையும் கையால் அசைத்துப் பாருங்கள்.

டயர் காற்று: கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று இருக்கும். லோடுக்கான காற்றோடு வருடம் முழுக்கக் காலியாக ஓட்டினால் பின் டயர் நடுவில் மட்டும் தேயும், முதுகும் தேயும். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்கட்டைகள்) நன்றாக இருந்தும் ரப்பர் செத்துப்போன டயர்கள் பழைய பிக்கப்களில் சகஜம்.

மண்சாலை

அக்கா சொன்ன அந்த வால்வு விஷயத்துக்காகவே இந்த இழையை புக்மார்க் செய்துவிட்டேன்.

ஃபோர் வீல் டிரைவ் பற்றி ஒன்று. பார்ட் டைம் சிஸ்டத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் ஹையில் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு வளைத்தால் முறுக்கு ஏறி, லிவர் திரும்ப வராமல் மாட்டிக்கொள்ளும். ஆகவே சோதனை ஓட்டத்துக்கு ஒரு மண் தரை தேடுங்கள். ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டும் விழுகிறதா, முன் சக்கரம் நிஜமாகவே இழுக்கிறதா, திரும்ப டூ ஹைக்கு (பின் சக்கரம் மட்டும் இழுப்பது) வருகிறதா பாருங்கள். மீட்டரில் விளக்கு எரிவது மட்டும் சாட்சியாகாது. வருடக்கணக்கில் போடாத வண்டிகளில் ஆக்சுவேட்டர் இறுகிப் போயிருக்கும். வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை மண்ணில் போட்டுக் கொஞ்சம் ஓட்டினால் ஆயில் எல்லா இடமும் போகும்.

புதுஓட்டுநர்

எல்லோருக்கும் நன்றி. எஞ்சினைப் பற்றி யாராவது சொன்னால்தான் வீட்டில் வாய் திறக்க முடியும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது லேசாகப் புகை வரும், "டீசல்னா அப்படித்தான்" என்கிறார் விற்பவர்.

ஸ்பேனர்14

அப்படித்தான் என்பதில் கொஞ்சம் உண்மை, நிறைய வியாபாரம்.

போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் உங்களுக்கு முன்பே எழுந்துவிட்டார் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் பேசுவதைச் சூடான எஞ்சின் பேசாது.

புகையின் நிறம் முக்கியம். ஸ்டார்ட் ஆனதும் சில நொடி நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அதோடு வாழலாம். மேடு ஏறும்போது அழுத்த அழுத்த நீலம் என்றால் ரிங், போர், அல்லது டர்போ சீல். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கிழிசல் போன்ற சின்ன விஷயமாகவும் இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். வெள்ளைப் புகை டீசல் நெடியோடு கண்ணை எரித்தால் எரியாத டீசல், இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ சந்தேகப்பட வேண்டும். அதே வெள்ளை, இனிப்பு வாசனையோடு எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கெட். அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வரலாம்.

அப்புறம் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, திருகாமல் அதே இடத்தில் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் இந்த வயதுக்கு அதில் வியப்பில்லை. மூடி குதித்து விழுந்தால், புகை ரயில் மாதிரி வந்தால் ரிங் வேலை காத்திருக்கிறது. டர்போவின் முன் ஹோஸைக் கழற்றி விசிறியைத் தொட்டுப் பாருங்கள் (எஞ்சினை நிறுத்திவிட்டு!). பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் இருக்கவே கூடாது.

பெல்ட் எஞ்சினா, செயின் எஞ்சினா என்று தெரிந்துகொண்டு போங்கள். டொயோட்டாவின் 3.0 லிட்டர் 1கேடி எஞ்சினில் டைமிங் பெல்ட். பல சந்தைகளில் 1,50,000 கி.மீ.க்கு மாற்றச் சொல்கிறார்கள். 3 லட்சத்தில் நிற்கும் வண்டி என்றால் இரண்டாவது பெல்ட்டும் முடிந்திருக்க வேண்டும். மிட்சுபிஷி 4டி56-ல் டைமிங் பெல்ட்டோடு பேலன்சர் பெல்ட் என்று சின்னதாக இன்னொன்று. அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இசுசு 4ஜேஜே1-ல் செயின். செயின் அறுவது அபூர்வம், ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் நீளும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் கலகலவென்று கேட்கும்.

1கேடி என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வாஷர் மாற்றப்பட்டதா? அது கசிந்தால் எரிந்த வாயு ஆயிலில் கலந்து கரி உண்டாகி, ஆயில் தொட்டிக்குள் இருக்கும் சல்லடையை அடைக்கும். ஒரு நாள் ஆயில் விளக்கு எரியும், அதற்குள் பேரிங் போயிருக்கும். இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். சின்னக் குழாய்களில் திரும்பி வரும் டீசலை அளப்பதுதான். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பினால் அது தேய்ந்துவிட்டது.

கேள்விநாயகம்

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் பழைய பிக்கப்தான், ஆனால் ஆட்டோமேட்டிக். 2,60,000 கி.மீ. கியர் ஆயில் மாற்றியதாகப் பதிவே இல்லை. "இத்தனை நாள் மாற்றாமல் இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும், தொடாதே" என்கிறார் மெக்கானிக். உண்மையா?

கியர்பாக்ஸ்மாமா

தொடாதே என்று சொல்கிறவர்களுக்கு அனுபவம் இருக்கிறது, அதற்குச் சொல்லும் காரணம்தான் தப்பு. கியர் ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த பிறகு ஜனங்கள் ஆயில் மாற்ற வருகிறார்கள். உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்ந்து முடிந்திருக்கும். புது ஆயில் ஊற்றிய அடுத்த வாரம் கியர்பாக்ஸ் நிற்கும். பழி ஆயில் மேல்.

உங்கள் வண்டி வழுக்காமல், இடிக்காமல் மாறுகிறது என்றால் மாற்றுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்ய விடாதீர்கள். கீழே திறந்து வடித்து, ஃபில்டர் மாற்றி, வடிந்த அளவு ஊற்றுங்கள். டார்க் கன்வெர்ட்டரில் நிறையத் தங்கிவிடும் என்பதால் ஒருமுறை வடித்தால் பாதிகூட மாறாமல் போகலாம். சில ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி. தொட்டியின் அடியில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். துண்டு துண்டாக உலோகம் என்றால் மூடிவிட்டுப் பணம் சேர்க்க ஆரம்பியுங்கள்.

ஓடோமீட்டர்சாமி

மாமா சொல்வதில் ஒரே ஒரு இடத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆயில் கறுத்து, தீய்ந்த வாசனை வந்தால் வழுக்காவிட்டாலும் நான் தொட மாட்டேன். தீய்ந்திருந்தால் தகடு ஏற்கெனவே கருகியிருக்கிறது.

கியர்பாக்ஸ்மாமா

சாமி, தீய்ந்த ஆயிலை உள்ளேயே வைத்திருந்தால் தகடு பிழைத்துவிடுமா? எப்படியும் போகப்போவதை நல்ல ஆயிலோடு போகவிடலாமே. கேள்விநாயகம், டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் படம் போடுங்கள், பார்த்துவிட்டுச் சண்டையைத் தொடர்கிறோம்.

மண்சாலை

பழைய எஞ்சினுக்குக் கெட்டியான ஆயில் என்ற சண்டையையும் இப்போதே முடித்துவிடலாமா?

ஸ்பேனர்14

அது சண்டைக்கே தகுதியில்லை. கையேட்டில் அந்த எஞ்சினுக்கு இரண்டு மூன்று தரம் கொடுத்திருப்பார்கள். அதில் கெட்டியானதைப் போட்டுக்கொள்ளலாம், உதாரணமாக 15டபிள்யூ-40. கையேட்டுக்கு வெளியே போய் 20டபிள்யூ-50 ஊற்றிப் புகையை மறைப்பது விற்பவர்களின் வேலை. 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை ஆயில் குடிப்பதைச் சில கம்பெனிகளே ஏற்கத்தக்கது என்று எழுதி வைத்திருக்கின்றன. குடிக்கட்டும். குடிப்பதைப் பார்க்காமல் ஓட்டுவதுதான் எஞ்சினைக் கொல்லும். டீசல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை எடுங்கள்.

புதுஓட்டுநர்

வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் எல்லோரும் கூடவே நின்ற மாதிரி இருந்தது.

எஞ்சின்: குளிர்ந்தே இருந்தது. ஸ்டார்ட்டில் சில நொடி நீலப்புகை, பிறகு சுத்தம். ஆயில் மூடி லேசாக ஆடியது, விழவில்லை. ஓட்டம் நன்றாக இருந்தது. முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் போடும்போது மட்டும் அடியில் "டங்" என்று ஒரு சத்தம்.

சேஸிஸ்: முன்பக்கம் மேலாகத் துரு, சுத்தியலில் கணீர். பின்னால் இடது பட்டை ஹேங்கர் அருகில் ஒரு தகடு வைத்து வெல்டிங், மேலே புதிய கறுப்பு பெயின்ட். கேட்டதற்கு, "முன்னாடி இருந்தவர் செஞ்சது, எனக்குத் தெரியாது" என்றார். இடது பக்கப் பட்டை வலதைவிடச் சற்றுத் தட்டையாகவும் இருந்தது. லோடு பாடிக்கும் கேபினுக்கும் உள்ள இடைவெளி மேலே அதிகம், கீழே குறைவு.

ஸ்கேனர்: ஒரு எரரும் இல்லை. ஆனால் "ரெடினெஸ்" (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) பகுதியில் பலவும் முடியவில்லை என்று காட்டியது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்க்கலாம் என்றால் வின்ச் சுற்றவே இல்லை.

ஓடோமீட்டர்சாமி

ரெடினெஸ் முடியவில்லை என்றால் அண்மையில் எரரை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பேட்டரி புதிதா என்று பார்த்தீர்களா? இல்லையென்றால் அந்தச் சுத்தமான ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யலாமா என்று கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

ஸ்பேனர்14

"டங்" சத்தம் பெரிய விஷயமில்லை. பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கிராஸ் தேய்ந்திருக்கும், அல்லது ஷாஃப்ட்டின் ஸ்லிப் பகுதிக்குக் கிரீஸ் அடித்தே வருடங்கள் ஆகியிருக்கும். ஒரு மாலை வேலை.

அந்த இடைவெளி மேலே விரிந்து கீழே குறுகியிருப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. லோடு பாடி பின்னால் தொங்குகிறது என்று அர்த்தம். பாடி மவுண்ட் போயிருந்தால் பரவாயில்லை. சேஸிஸே கேபினுக்குப் பின்னால் வளைந்திருந்தால் அளவுக்கு மேல் லோடு அடித்திருக்கிறார்கள். ஹேங்கர் வெல்டிங்கையும் தட்டையான பட்டையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் படுகிறது. சேஸிஸ் கீழ்விளிம்பில் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அதே இடத்தில் மறுபக்கத்தோடு ஒப்பிட வேண்டும். மேலே தகடு ஒட்டிய வெல்டிங்கைப் பெயின்டைச் சுரண்டாமல் நம்ப முடியாது.

நான் என்றால் வாங்க மாட்டேன். எஞ்சின் நல்லது என்பதால் மனம் இழுக்கும். இழுக்கட்டும்.

கணக்குப்பிள்ளை

ஸ்பேனரோடு நான் ஒத்துப்போகும் அதிசய நாள்.

மண்சாலை

நான் மாற்றிச் சொல்கிறேன். நல்ல வெல்டர் அந்த ஹேங்கரைக் கழற்றி, துருவை முழுக்க வெட்டி எடுத்து, புது ஹேங்கர் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். லாரிகளில் தினமும் நடக்கிற வேலைதானே. விலையைக் குறைத்துக் கேட்டால் என்ன?

ஸ்பேனர்14

ஹேங்கர் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. வளைவும் இருந்தால் கூடாது. நூல் பிடிக்காமல் விலை பேசக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

புதுஓட்டுநர்

நூல் பிடித்துப் பார்த்தாயிற்று. இடது பக்கம் கேபினுக்குப் பின்னால் கீழ்நோக்கித் தெளிவாகவே வளைவு. வலது பக்கம் நேர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், நான் சொன்ன காரணம்தான் அவர்களுக்குப் புரியவில்லை. எஞ்சின் நல்லா இருந்தால் ஏன் வேண்டாம் என்கிறார்கள் இப்போது!

இன்னொன்று பார்த்திருக்கிறேன். 3,70,000 கி.மீ., ஆனால் ஒரே உரிமையாளர், பெல்ட் மாற்றிய ரசீது இரண்டும் இருக்கிறது, சேஸிஸ் உள்ளே மெழுகு மாதிரி எதையோ வருடா வருடம் அடித்திருக்கிறார். பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே வளைவு. ஸ்டெப்னி இறங்குகிறது!

நெடுஞ்சாலைக்காரி

ஸ்டெப்னி இறங்கும் வண்டியின் உரிமையாளரை நம்பலாம். கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த வின்ச்சின் கம்பி அடியில் சேற்றிலேயே கிடக்கும். வருடம் ஒருமுறை இறக்கி, கிரீஸ் வைத்து ஏற்றுகிறவர் மற்றதையும் பார்த்திருப்பார். அதைச் செய்யாத வண்டிகளில் பஞ்சர் ஆன அன்று ஸ்டெப்னி இறங்காது. கம்பி அறுந்து சாலையில் விழுந்த கதைகளும் உண்டு.

ஸ்பேனர்14

வாங்குங்கள். வாங்கியதும் எஞ்சின் ஆயில், கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் ஹவுசிங் (அச்சில் உள்ள டிஃப்ரன்ஷியல் பெட்டி) எல்லா ஆயிலையும் மாற்றிவிட்டு அந்த கி.மீ.யை எழுதி வையுங்கள். பின் ஹவுசிங் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். அது சேற்றால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, அச்சு சீல் வழியாக ஆயில் தள்ளி, நேராகப் பிரேக் டிரம்முக்குள் போகும். சீல் மாற்றுவதற்கு முன் அதை ஊதிப் பாருங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் நீர் வடிக்கும் திருகு இருக்கிறது. காமன் ரெயில் இன்ஜெக்டருக்குத் தண்ணீர் விஷம், ஆகவே அதை மறக்கக் கூடாது.

புதுஓட்டுநர்

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: ஜல்லி எவ்வளவு ஏற்றலாம்? தாளில் ஒரு டன் என்று போட்டிருக்கிறது. லோடு பாடி நிறைய ஏற்றலாம்தானே?

நெடுஞ்சாலைக்காரி

அப்படி ஏற்றித்தான் முதல் வண்டி வளைந்தது :) டபுள் கேபின் பாடி 1.5 மீட்டர் நீளம், 1.5 அகலம், 45 செ.மீ. உயரம் என்று வையுங்கள். சுமார் ஒரு கன மீட்டர். ஜல்லி கன மீட்டருக்கு ஒன்றரை டன் வரும். அந்த ஒரு டன்னில் நீங்களும், கூட வருகிறவர்களும், பின்னால் போட்ட கம்பிக் கூண்டும் அடக்கம். ஆகவே பாதி உயரத்தோடு நிறுத்துங்கள். கேபின் பக்கமாகத் தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள், டெயில்கேட் பக்கம் மேடு வேண்டாம்.

புதுஓட்டுநர்

மணலுக்கும் இதே கணக்கா?

நெடுஞ்சாலைக்காரி

காய்ந்த மணலுக்கு ஏறத்தாழ இதே. மழையில் நனைந்த மணல் இரண்டு டன்னை நெருங்கும். பாதிக்கும் கீழே வையுங்கள், மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டு போங்கள்.